மாதாந்திரப் பராமரிப்பு

செல்லூரில் நாளை மின்தடை என்று
பேப்பரில் போட்டால்
டைரியில் அன்றைக்கு வேறு எதுவும் எழுதமாட்டேன்.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
மொக்கராசு வீடு.

தறி ஓடும்வரை அவனுக்குப் பாதகமில்லை.
கீழே எட்டுத் தறி, பக்கத்துச் சந்தில் இருபது.
தலைக்குள் பேசுகிறவர்களை
தெருவே கூடி அமுக்கிப் பிடித்திருக்கும்.
ஒன்பதுக்கு எல்லாம் நிற்கும்.
கடைசித் தறியின் கடைசி அடிக்குப் பிறகு
அவர்கள் தொண்டையைச் செருமுவார்கள்.

"வந்துட்டீகளாக்கா" என்கிறான்
கதவைப் பாதி திறந்து.
"வந்துட்டேன். எத்தன பேரு இன்னைக்கு?"
"மூணு. வக்கீலு இன்னும் வரல."

அவன் அம்மா சுருளிக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.
"இருக்காகன்னே பேசுறியே தாயி,
இல்லேன்னு சொல்லத்தான ஒனக்குச் சம்பளம்?"

எனக்குச் சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
'சக ஆதரவாளர்' என்று போட்டிருக்கிறது.
கேட்ட தகுதி ஒன்றுதான்.
பெரியாஸ்பத்திரியில் பதினோரு வாரம் கிடந்ததையும்
அதற்கு முன் பாண்டி கோவிலில்
தலைவிரித்து ஆடிய ராத்திரியையும்
ஒரு மேஜைக்கு முன் உட்கார்ந்து சொன்னேன்.
மற்றவர்கள் மறைத்து வாங்குகிற வேலையை
சொல்லி வாங்கியவள் நான்.
வெளியில் தாழ்ப்பாள் வைத்த மாடி அறையை மட்டும் சொல்லவில்லை.
அது இல்லாமலே கிடைத்துவிட்டது.

பத்தரைக்குப் புழுக்கம்.
காற்றாடி நின்ற அறையில்
ஒலான்சபின் ஊதவைத்த இரண்டு உடம்புகள்.
சுருளி முறத்தில் பூண்டைக் கொட்டிவிட்டுப் போகிறாள்.
அவன் கை நடுங்குகிறது, தோல் உரிய மாட்டேன் என்கிறது.
என் கையும் நடுங்கும், காலையில் கொஞ்சம் குறைவு.
சமமாகத்தான் போகிறது வேலை.

ஜெயக்கொடி என்று ஒருத்தி இருந்தாள்,
சமயநல்லூரில்.
ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தாள்.
மழை, பஸ் இல்லை, எனக்கும் அலுப்பு.
நாளைக்கு வருகிறேன் என்றேன்.
நாளைக்கு என்பது எனக்கு இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு
மொக்கராசு நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறான்.
பூண்டு கையிலேயே நிற்கிறது.
"வந்துட்டாரு."
"என்னவாம்?"
"ஒங்களத்தான் கேக்குறாரு.
இவ மட்டும் எப்படித் தப்பிச்சான்னு."

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தந்தார்கள்.
நம்பிக்கை தரும்படியாகப் பேச வேண்டும்,
நம் கதையை மூன்று நிமிடத்துக்குள்.
நான் வாயைத் திறந்தபோது
அடுப்படியில் குக்கர் சீறியது.
சீறலுக்கு உள்ளிருந்து
இப்போது யாரும் கூப்பிடாத
என் சின்ன வயசுப் பேரை ஒருத்தி கூப்பிட்டாள்.
எப்போதும்போல இரண்டு தடவை.
மாதாமாதம் நான் நிரப்புகிற படிவத்தில்
இவளுக்குக் கட்டம் கிடையாது.

"தப்பிக்கலன்னு சொல்லு" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தான்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி
ஒரு பெரிய மனிதரிடம் சொல்கிற பணிவோடு சொன்னான்.
ஒரு பல்லி நகர்ந்தது.
"என்ன சொல்றாரு?"
"எழுதிக்கிறாரு."

சிரித்தது முதலில் யாரென்று தெரியவில்லை.
சுருளி வாசலில் வந்து நின்று
எங்கள் இருவரையும் ஒரே பார்வையாகப் பார்த்தாள்.
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.
இன்றைக்கு அது அவ்வளவாகக் குத்தவில்லை.

ஐந்துக்குச் சொன்னது நாலேகாலுக்கே வந்துவிட்டது.
முதலில் டியூப்லைட் கண்ணடித்தது,
பிறகு ஒரு தறி, இன்னொன்று, தெரு முழுக்க.
அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.
"என்னடா?"
திரும்பச் சொன்னான். அதுவும் கேட்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே வைகையில் தண்ணீர் இல்லை,
ஒரு மாடும் நாணலும்.
மடியில் படிவத்தை வைத்து நிரப்பினேன்.
சந்திப்பின் விளைவு:
பூண்டு, முக்கால் கிலோ.
மேடம் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும்.
விரல் நுனியெல்லாம் எரிகிறது.
மூன்று தடவை சோப்புப் போட்டும்
வாடை போகவில்லை.